பின்பக்க குடோனில் கிடந்த அழைப்புகள்

மலைக்குக் கீழே, காற்றுக்கே ஏலக்காய் வாசம் அடிக்கிற வாகைக்கோம்பை என்ற ஊரில், சித்திரை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தே கால் மணிக்கு, பதினோரு வருடமாக "இன்னும் இரண்டே நாட்கள்" என்று கத்திக்கொண்டிருந்த சேலைக் கண்காட்சி ஆட்டோ வழக்கம்போலப் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு வந்தது, உள்ளே உட்கார்ந்திருந்த மைக் மொக்கச்சாமி வழக்கம்போலத் தொண்டை நரம்பு புடைக்க வாயைத் திறந்து மூடினான், ஆனால் சத்தம் மட்டும் வரவில்லை. டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பால் கொதிக்கிற சத்தமும், வேப்பமரத்தில் எந்தக் காலத்திலிருந்தோ கூவிக்கொண்டிருந்து யார் காதிலும் விழாத ஒரு குயிலின் சத்தமும் கேட்டன. நல்லதுதான் என்று சொல்லிவிட்டு மிச்ச டீயைக் குடித்தார்கள்.

மொக்கச்சாமிக்குத் தன் குரல் போகவில்லை என்பதே தெரியாது. அவன் காதுக்கு அவன் பேசுவது நன்றாகவே கேட்டது. சொன்னவனுக்குச் சொன்ன திருப்தி இருந்தது, கேட்க வேண்டியவர்களுக்குக் கொஞ்சம் அமைதி கிடைத்தது, இரண்டு பக்கமும் சந்தோஷமாக இருந்ததால் அதைப் பற்றி யாரும் அவனிடம் சொல்லவில்லை.

இதற்கெல்லாம் காரணம் ராசாங்கம் ஏலக்காய் மண்டியில் பதினாறு வருடமாகக் கம்ப்யூட்டர் பார்க்கிற ஒச்சம்மாள். மண்டிக்கு ஒரு நாளைக்கு முந்நூறு மின்னஞ்சல் வரும், அதில் ஏலக்காயைப் பற்றி ஏழெட்டு இருந்தால் அதிகம். மற்றதெல்லாம் பிரிண்டர் மை, தொப்பை குறைக்கும் டீத்தூள், பேர் தெரியாத தேசத்தில் செத்துப்போன பேர் தெரியாத பெரியப்பா எழுதிவைத்த சொத்து. ஒச்சம்மாள் காலையில் வந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்குவதுபோல ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போடுவாள், முடிக்கும்போது மணி பதினொன்று ஆகிவிடும். அந்த வியாழக்கிழமை, கல்லோடு கல்லாக ஒரு நல்ல அரிசியையும் பொறுக்கிப் போட்டுவிட்டாள். முதலாளி ராசாங்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை, அவளுக்கும் ரோசம் வந்துவிட்டது.

அதனால்தான் வெள்ளிக்கிழமை காலையில் அந்த மின்னஞ்சல் மென்பொருளில் இதுவரை தொடாத 'விதிகள்' என்ற பக்கத்தைத் திறந்தாள். கோயிலில் அர்ச்சனைச் சீட்டு எழுதுவதுபோலக் கட்டம் கட்டமாக இருந்தது. கடிதத்தில் இன்ன சொல் இருந்தால், இன்னது செய், இன்ன இடத்தில் போடு, அவ்வளவுதான். இந்தக் குப்பைக்கெல்லாம் பொதுவாக என்ன இருக்கிறது என்று கன்னத்தில் கை வைத்து யோசித்தாள். நல்ல கடிதம் வந்த விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போகும், குப்பை மட்டும்தான் கையைப் பிடித்து இழுக்கும், விடமாட்டேன் என்று வம்பு பண்ணும். ஆகவே கண்டிப்பா, கட்டாயம், அவசியம், தவறாமல், உடனே, இலவசம், கடைசி நாள், இரண்டே நாட்கள் என்று எழுதி, அவற்றின் கூடப்பிறந்த இங்கிலீஷ் சொற்களையும் சேர்த்து எழுதினாள். இதில் ஏதாவது ஒன்று இருந்தால் போதுமா, எல்லாமும் இருக்க வேண்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டதற்கு, ஏதாவது ஒன்று என்றாள். எந்தெந்தப் பெட்டிக்கு என்று கேட்டதற்கு, எல்லாவற்றுக்கும் என்றாள். எங்கே கொண்டுபோய்ப் போட வேண்டும் என்று கேட்டபோது கொஞ்சம் தயங்கினாள். அந்த மண்டியில் கிழிந்த சாக்கு, உடைந்த தராசு, போன வருடத்துக் காலண்டர் என்று வேண்டாததெல்லாம் போகிற இடம் ஒன்றே ஒன்றுதான், அதனால் 'பின்பக்க குடோன்' என்று எழுதிச் சேமித்தாள்.

கம்ப்யூட்டருக்கு மண்டி எது, தெரு எது, ஊர் எது என்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. எல்லாம் என்றால் அதற்கு எல்லாம்தான்.

மத்தியானம் கயிறு எடுக்கப் போன லோடுமேன் பெரியகருப்பன், காய் வராத காலம் என்பதால் காலியாகக் கிடந்த குடோனில் ஒரு மூலை முழுக்க ஏலக்காய்த் தோல்போல லேசாக, பச்சையும் பழுப்புமாக ஏதோ குவிந்து கிடப்பதைப் பார்த்தான். ஒரு கை அள்ளினான், "இன்னும் இரண்டே நாட்கள்" என்று அது மொக்கச்சாமியின் குரலில் சொன்னது. கீழே வைத்தான், அடங்கிவிட்டது. கயிற்றை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு வந்து, "பின்னால கொஞ்சம் சத்தம் வந்து எறங்கியிருக்கு மொதலாளி, நான் கயிற மட்டும் எடுத்துக்கிட்டேன்" என்றான். யார் சரக்கு என்று ராசாங்கம் கேட்டார். நம்ம சரக்குதான், காலையில் விதி எழுதினேன் என்று ஒச்சம்மாள் சொன்னாள். அவர் சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் பேப்பரைப் புரட்டினார்.

ஒரு வாரத்துக்குள் ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது, தெரிந்ததும் ஊர் அதை மழை பெய்ததைப்போல எடுத்துக்கொண்டது. வீட்டு வாசலில் நோட்டீஸ் விழுவதில்லை, லோன் வேண்டுமா என்று போன் அடிப்பதில்லை, டிவியில் விளம்பரம் வருகிற நேரத்தில் வெறும் படம் ஓடுவதால் பிள்ளைகள் அந்த இடைவெளியில் வாய்ப்பாடு ஒப்பித்தன. மண்டிக்கு வந்த பெண்கள் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, ரெண்டு முழம் கனகாம்பரமும் சுற்றிவிட்டுப் போனார்கள், ஒருத்தி திருஷ்டிக்கு ஒரு எலுமிச்சம்பழத்தைக்கூட உருட்டி வைத்தாள். பஜ்ஜிக்கடை செண்பகவல்லி வாரம் இரண்டு தடவை குடோனுக்கு வந்து இலவச நோட்டீஸ்களை அள்ளிக்கொண்டுபோய்ப் பஜ்ஜி மடித்துக் கொடுத்தாள். புருசன் குறட்டையையும் அந்தப் பட்டியலில் சேர்க்க முடியுமா என்று கேட்டு ஒரு அம்மாள் வந்தாள். ஒச்சம்மாளும் முகம் கோணாமல் முயன்று பார்த்தாள், குறட்டையில் சொல் எதுவும் இல்லாததால் விதிக்குப் பிடி கிடைக்கவில்லை. எதிர்க்கடைக்காரனின் போர்டைத் தூக்க முடியுமா என்று கேட்டவரை மட்டும், விதி எல்லாருக்கும் பொது என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். இரண்டாவது வாரம் குடோன் வண்டுக்கூடுபோல ரீங்காரம் போட ஆரம்பித்ததும், ராசாங்கம் பெரிய பூட்டாகப் பூட்டிச் சாவியை ஒச்சம்மாளிடம் கொடுத்துவிட்டார், அதற்கப்புறம் பஜ்ஜிகூட இலையில்தான் வந்தது.

பூட்டினதுதான் வினையாகப் போனது, உள்ளே வேறு என்னென்ன வந்து இறங்குகிறது என்று பார்க்க ஆள் இல்லை.

வாகைக்கோம்பையில் யாரும் முதல் தடவை கூப்பிட்டதும் வந்துவிடுவதில்லை. அது மரியாதை இல்லை. சாப்பிட வாங்க என்றால் இப்பத்தான் சாப்பிட்டேன் என்று பட்டினி வயிற்றோடு சொல்ல வேண்டும், அட வாங்க என்றால் இன்னொரு நாள் பார்ப்போம் என்று கொஞ்சம் நகர வேண்டும், அப்போது வீட்டுக்காரர்கள் கையைப் பிடித்து இழுத்து, கண்டிப்பா ஒரு வாய் சாப்பிட்டுத்தான் போகணும், கட்டாயம் உட்காரணும் என்று சண்டைக்கு வருவதுபோலச் சொல்ல வேண்டும், அதற்கப்புறம்தான் மனசில்லாதவர்போல உட்கார்ந்து ஐந்து தோசை சாப்பிட வேண்டும். பந்தியிலும் அப்படித்தான். இலையை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு போதும் போதும் என்றால், இன்னொன்று வை என்று அர்த்தம். அந்த ஊரில் பிரியம் என்று ஒன்று இருந்தது என்றால் அது வற்புறுத்துவதில்தான் இருந்தது, வற்புறுத்துகிற சொல்லெல்லாம் இப்போது பூட்டின குடோனில் இருந்தது.

ஆகவே விருந்தாளிகள் வந்தார்கள், இப்பத்தான் சாப்பிட்டேன் என்றார்கள், வீட்டுக்காரர்கள் கண்டிப்பா கட்டாயம் என்று சொன்னார்கள், விருந்தாளிகளின் காதில் வெறும் மௌனம் விழுந்தது, கை நனைக்காமல் எழுந்து போனார்கள். நாலு பேர் கூடுகிற இடத்திலெல்லாம், ஊர் ரொம்ப மாறிப்போச்சுப்பா, ஒரு வார்த்தைக்கு மேல ஒருத்தரும் கேக்குறதில்ல என்று பேசிக்கொண்டார்கள், ஒருவரும் மற்றவர் காதைச் சந்தேகப்படவில்லை. இடுப்புப் பட்டையில் புது ஓட்டை போட்டுத் தரச் சொல்லி செருப்புத் தைப்பவரிடம் ஆட்கள் வந்தார்கள். வைகாசி பிறந்து முதல் முகூர்த்தத்தில், பட்டாளத்துக்காரர் வீட்டில் அறுநூறு பேருக்குச் சமைத்த கல்யாணத்துக்கு நாற்பது பேர்தான் வந்தார்கள், அந்த நாற்பது பேரும் இலையை மறைத்தபோது பரிமாறியவர்கள் சரி என்று தாண்டிப் போய்விட்டார்கள்.

ஒச்சம்மாளுக்கு இதெல்லாம் காதில் விழுந்தது, மனசில் பதியவில்லை. அவள் மனசு முழுக்க அவள் தங்கச்சிதான் இருந்தாள்.

தங்கச்சி பஞ்சவர்ணம் அதே ஊரில் நாலு தெரு தள்ளி இருக்கிறாள். இரண்டு பேரும் பேசி நாலு வருடமாகிறது. நாலு வருடத்துக்கு முன்னால் பஞ்சவர்ணம் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினாள், அக்காவுக்குப் போன் போட்டு, வியாழக்கிழமை பால் காய்ச்சுறோம், வந்துரு என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். கூடப் பிறந்தவளுக்கு எதற்கு மூணு தடவை என்று அவள் நினைத்தாள். கூடப் பிறந்தவளை நேரில் வந்து கூப்பிடத் தெரியவில்லையா என்று இவள் நினைத்தாள். ஒச்சம்மாள் போகவில்லை, பஞ்சவர்ணம் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. அன்று ராத்திரியே ஒச்சம்மாள் தன் போனிலிருந்தும், அதோடு ஒட்டிக்கிடந்த கம்ப்யூட்டர் முகவரிப் புத்தகத்திலிருந்தும் தங்கச்சி பேரை அழித்தாள். மூணு தடவை கூப்பிடாமல் அவள் வாசல் மிதிக்கமாட்டேன் என்று அடுப்படியில் நின்று தனக்குத்தானே சத்தியமும் பண்ணிக்கொண்டாள்.

இப்போது பஞ்சவர்ணத்தின் மகள் சுபாஷினிக்குக் கல்யாணம். பஞ்சவர்ணமும் அவள் புருசனும் மலைமேல் எஸ்டேட்டில் இருந்த காலத்தில், ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் ஒச்சம்மாள் வீட்டில் வளர்ந்த பிள்ளை அது. தலைக்கு ஊற்றிவிட்டு, ரெட்டைச் சடை பின்னி, கணக்குப் பரீட்சைக்கு மண்டி வாசலில் விபூதி பூசி அனுப்பியதெல்லாம் பெரியம்மாதான். தனக்கென்று ஒரு பிள்ளை இல்லாத ஒச்சம்மாளுக்கு அந்தச் சடையைப் பின்னின விரல் இன்னும் அந்த நினைப்பில்தான் இருந்தது. கல்யாணத்துக்குப் போக வேண்டும், போகாவிட்டால் உயிரே போய்விடும், ஆனால் கூப்பிட வேண்டும்.

கல்யாணத்துக்கு முந்தின திங்கட்கிழமை பஞ்சவர்ணம் வந்தே வந்துவிட்டாள். பட்டுச்சேலை கட்டி, தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சளோடு, நாலு வருடம் கழித்து அக்கா வீட்டு வாசற்படியில் வலது காலை எடுத்து வைத்தாள்.

"சுபாவுக்கு வர்ற வெள்ளிக்கிழம கல்யாணம்க்கா" என்றாள் பஞ்சவர்ணம்.

அப்புறம் நின்றாள். இன்னும் ஏதாவது சொல்வாள், சொல்வாள் என்று ஒச்சம்மாள் காத்திருந்தாள். தங்கச்சியின் உதடு அழுகையை அடக்குவதுபோல அசைந்ததே தவிரச் சொல் எதுவும் கேட்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டாள், தட்டை நீட்டினாள். ஒச்சம்மாள் தட்டை வாங்கிக் கட்டிலில் வைத்துவிட்டு, மனசில் இருந்த கோபத்தையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு, அடுப்பில் பாலை வைத்து, உட்கார், டீ குடிக்காமல் போகக் கூடாது, கண்டிப்பா குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று மூணு தடவைக்கு நாலு தடவையாகவே சொன்னாள். பஞ்சவர்ணம் அக்காவின் முகத்தைப் பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். பால் பொங்கி வழிந்தது. தட்டைப் பார்த்தால் வெற்றிலை இருந்தது, பாக்கு இருந்தது, பழமும் மஞ்சளும் இருந்தன, பத்திரிகை இல்லை.

கடமைக்கு வந்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று ஒச்சம்மாள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே அழுதாள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற சுபாஷினி சாயங்காலம் போன் போட்டாள், நல்லா இருக்கியா பெரியம்மா என்று கேட்டாள், அதற்கப்புறம் வெறும் மூச்சுக் காற்றுத்தான் கேட்டது. எஸ்டேட்டுக்கு ஜீப் ஓட்டுகிற ஒச்சம்மாளின் புருசன் சடையாண்டி, போனால்தான் என்ன, நம்ம பிள்ளைதானே என்றார். அவள் பார்த்த பார்வையில் அவர் வண்டி துடைக்கப் போய்விட்டார்.

புதன்கிழமை காலை மண்டிக்கு ஒரு போன் வந்தது. ராஜ்கோட்டில் இருந்து பழைய வாடிக்கையாளர், மூணு மெயில் போட்டும் பதில் இல்லையே என்று கேட்டார். தலைப்பில் என்ன எழுதினீர்கள் என்று ஒச்சம்மாள் கேட்டாள், அவர் பதில் சொல்லத் தொடங்கியதும் போனில் வெறும் காற்றுத்தான் கேட்டது, உடனே என்ற சொல்லாகத்தான் இருக்கும். அவளுக்குப் புரிந்துவிட்டது. நல்ல கடிதம் தப்பிப் போனால் குப்பையில்தான் தேட வேண்டும் என்பது இந்த வேலை தெரிந்தவர்களுக்கெல்லாம் தெரிந்ததுதான், அதனால் சாவியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

கதவைத் திறந்ததும் ரீங்காரம் அடங்கியது. முன்னால் மலையாக மொக்கச்சாமியின் இரண்டே நாட்கள், அதைக் கையால் விலக்கிக்கொண்டே போனாள். அதற்குப் பின்னால் கல்யாணப் பத்திரிகைகள் அடுக்கடுக்காக, பட்டாளத்துக்காரர் வீட்டுப் பத்திரிகைகள் ஐநூற்றுக்கு மேலே, காதுகுத்து, வளைகாப்பு, கிடாவெட்டு, எல்லாவற்றிலும் அடியில் அவசியம் வருகை தந்து என்று அச்சடித்திருந்தது. அதற்கும் பின்னால், சுவரோரமாக, சின்னச் சின்னக் குவியல்களாக, ஊரே கிடந்தது. ஒன்றை எடுத்தாள், இன்னொரு தோசை கண்டிப்பா வைப்பேன் என்றது. இன்னொன்றை எடுத்தாள், மழை விட்டதும் போகலாம், கட்டாயம் உக்காருங்க என்றது. இத்தனையும் ஒருத்தர் ஒருத்தரிடம் சொல்லியிருக்கிறார்கள், ஒருத்தருக்கும் போய்ச் சேரவில்லை என்று தெரிந்ததும் ஒச்சம்மாள் ஒரு சாக்குமேல் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த இடத்தில் கை பட்டு ஒரு குரல் கேட்டது, டீ குடிக்காமப் போகக் கூடாது, கண்டிப்பா குடிச்சிட்டுத்தான் போகணும். அவள் குரலேதான்.

அதோடு பின்னிக்கொண்டு, ஒரே நிமிடத்தில் வந்து விழுந்ததால் பிரிக்க முடியாதபடி சிக்கிக்கொண்டு, இன்னொன்று கிடந்தது. அதைத் தொடுவதற்கு முன்னால் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். தொட்டாள், கேட்டாள், முழுசும் கேட்டாள், கேட்டுவிட்டு வைக்காமல் இன்னொரு தடவையும் கேட்டாள்.

ராஜ்கோட்காரர் கடிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவள், அதை முதலாளி மேஜையில் வைத்துவிட்டு, மண்டி வாசலில் நின்று, தப்பு என்மேல்தான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். ஊர் அவளைத் திட்டவில்லை. நாமளும் ரெண்டு வருசம் கழிச்சாச்சும் கதவத் தெறந்து பாத்திருக்க மாட்டோமா என்று பெரியகருப்பன் ஆறுதல் சொன்னான். விதியை அழித்துவிடட்டுமா என்று கேட்டாள். அதற்கு மட்டும் யாரும் சம்மதிக்கவில்லை, மூணு வாரமாகக் குயில் கேட்கிறது, பிள்ளைகளுக்குப் பதினாறாம் வாய்ப்பாடு வந்துவிட்டது. ஆகவே ஒச்சம்மாள் மறுபடி அந்தப் பக்கத்தைத் திறந்து, கடைசியில் இருந்த ஒரு கட்டத்தில், சொல்பவர் முகவரிப் புத்தகத்தில் இருந்தால் விட்டுவிடு என்று விதிவிலக்கு எழுதினாள். ஏற்கெனவே குடோனுக்குப் போனவற்றுக்கும் இது பொருந்தும் என்ற இடத்திலும் ஒரு டிக் போட்டாள். இனி முகவரிப் புத்தகத்தில் ஊரை ஏற்ற வேண்டியதுதான் பாக்கி.

புதன் மத்தியானம் தொடங்கிய வரிசை வியாழன் மத்தியானம் வரை நின்றது. பேர், தெரு, உறவு என்று மூணு கட்டம். உறவுக்கு ஊரார் சொன்னதையெல்லாம் ஒச்சம்மாள் அப்படியே எழுதினாள், மாமன் முறை, பங்காளி, கொடுக்கல் வாங்கல் இல்லாத சித்தப்பா, கோயிலில் பக்கத்தில் உட்காருகிறவர். பெரியகருப்பன் தன் பேரோடு தன் காளைமாட்டுப் பேரையும் சேர்க்கச் சொன்னான், எழுதினாள். வரிசையில் மைக் மொக்கச்சாமியும் வந்து நின்றான். எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். நானும் இந்த ஊருக்காரன்தானக்கா என்றான் அவன். அது உண்மைதான். மூணு வாரம் தன் குரல் யாருக்கும் கேட்கவில்லை என்று நேற்றுத்தான் தெரிந்து, நேற்றிலிருந்து சோறு இறங்காமல் கிடந்தவன். ஊரே வேறு பக்கம் திரும்பிக்கொண்டது, ஒச்சம்மாள் அவன் பேரையும் எழுதினாள்.

வரிசையின் கடைசியில் பஞ்சவர்ணம் நின்றாள். நானூறு பத்திரிகை கொடுத்தும் கடைத்தெருவில் ஒருத்தருக்கும் தன் மகள் கல்யாண நேரம் தெரியவில்லை என்று கேள்விப்பட்டு, பத்திரிகை போய்ச் சேராதவர்கள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அக்காவைப் பார்க்காமல் கம்ப்யூட்டரில் சுற்றியிருந்த கனகாம்பரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மண்டியில் இருந்தவர்கள் எல்லாரும் திடீரென்று அவரவர் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள்.

"பேரு?" என்றாள் ஒச்சம்மாள்.

"ஒனக்குத் தெரியாதா?"

"கேட்டுத்தான் எழுதணும்."

"பஞ்சவர்ணம்."

நாலு வருடத்துக்கு முன்னால் அழித்த பேரை ஒச்சம்மாள் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். தெருவை அவளே எழுதிக்கொண்டாள். உறவு என்ற கட்டம் வந்தபோது தங்கச்சியிடம் கேட்கவில்லை. கூடப் பிறந்தவள் என்று எழுதினாள், எழுதியது திரையில் மங்கலாகத் தெரிந்தது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு சேமி என்ற பொத்தானை அழுத்தினாள்.

குடோன் பூட்டை யாரும் திறக்கவில்லை. கதவிடுக்கு வழியாகவும், ஓட்டு இடைவெளி வழியாகவும், மூணு வாரத்துக் கண்டிப்பாக்களும் கட்டாயங்களும் ஈசல் கிளம்புவதுபோலக் கிளம்பி, மண்டியைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, அவரவர் வீடு தேடி, தெரு தேடி, கை நனைக்காமல் திண்டுக்கல்லுக்குத் திரும்பிப் போய்விட்ட யார் வீட்டுச் சம்பந்தியையோ தேடிக்கூடப் போயின. குளித்துக்கொண்டிருந்தவரிடம் இன்னும் ரெண்டு தோசை வைப்பேன் என்றது ஒன்று. தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பிக் காதுகுத்துக்குக் கட்டாயம் வரணும் என்றது இன்னொன்று. மூணு வாரமாகத் தன்னை யாரும் மதிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த ஊரில் அத்தனை பேரையும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சாப்பிடக் கூப்பிட்டார்கள், எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் அடுப்பு பற்றியது, தோசைக்கல் சீறுகிற சத்தம் தெருவுக்குத் தெரு கேட்டது, யார் வீட்டுக்கு யார் போவது என்று தெரியாமல் ஆட்கள் நடுத்தெருவில் முட்டிக்கொண்டு, முட்டிக்கொண்ட இடத்திலேயே ஒருத்தரை ஒருத்தர் கையைப் பிடித்து இழுத்தார்கள். பட்டாளத்துக்காரர் அந்த நாற்பது போக மிச்சம் ஐநூற்று அறுபது பேருக்கும் மறுபடி உலை வைக்கச் சொல்லிவிட்டார்.

மண்டிக்குள் இரண்டே இரண்டு குரல்தான் வந்தன. பஞ்சவர்ணம் வாயைத் திறக்கவில்லை, ஆனால் அவள் திங்கட்கிழமைக் குரல் ஒச்சம்மாளின் காதுப்பக்கம் வந்து நின்றது.

"அக்கா, நீ கண்டிப்பா வரணும். நீ பூ வச்சு விட்டாத்தான் மேடை ஏறுவேன்னு ஒம் புள்ள சொல்லிட்டா."

அதே சமயம் பஞ்சவர்ணத்தின் காதில் டீ குடிக்காமப் போகக் கூடாது என்று அக்காவின் குரல் சொல்லிக்கொண்டிருந்தது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. ஊர் வழக்கப்படி ஒச்சம்மாள் இப்போது பார்ப்போம் என்று சொல்ல வேண்டும். அடுத்த தடவைக்கு, முடிந்தால் வருகிறேன் என்று சொல்ல வேண்டும். நாலு வருடமாக அடுப்படியில் நின்று ஒத்திகை பார்த்து வைத்திருந்ததும் அதைத்தான்.

"வர்றேன்" என்றாள் ஒச்சம்மாள்.

பஞ்சவர்ணம் திடுக்கிட்டுப் போனாள். "என்னக்கா, இன்னும் மூணு தடவ சொல்லியிருக்கேன், அது இன்னும் வந்து சேரலயே."

"வரட்டும். அதையும் கேட்டுக்கிறேன், நீ உக்காரு" என்று சொல்லிவிட்டு ஒச்சம்மாள் டீ சொல்லி அனுப்பினாள். முதல் டம்ளர் டீயைப் பஞ்சவர்ணம் வேண்டாம் என்று சொல்லவே இல்லை, வாங்கிக் குடித்தாள், இரண்டாவதும் குடித்தாள். அழுதுகொண்டே குடித்ததால் இரண்டும் உப்புக் கரித்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை ஊரை எழுப்பியது மொக்கச்சாமிதான். மூணு வாரத்துக் குரலையும் சேர்த்து வைத்து, சேலைக்காரர்களை மறந்து, சுபாஷினி கல்யாணத்துக்கு எல்லாரும் தவறாமல் வரணும், குடும்பத்தோடு வரணும் என்று தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போனான். குயில் கொஞ்ச நேரம் கேட்காமல் போனதை ஒருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரியம்மா கையால் சடை பின்னிப் பூ வைத்துக்கொண்டு பிள்ளை மேடை ஏறியது, நானூறு பேரை எதிர்பார்த்த மண்டபத்தில் ஆயிரம் பேர் நின்றார்கள், எல்லாரும் இப்பத்தான் சாப்பிட்டோம் என்று சொல்லிக்கொண்டே பந்திக்கு முந்தினார்கள்.

மூணாவது பந்தியில் ஒச்சம்மாளை உட்கார வைத்துப் பஞ்சவர்ணமே பரிமாறினாள். இரண்டு லட்டு ஆகிவிட்டது, மூன்றாவதோடு அவள் குனிந்தபோது, ஒச்சம்மாள் இலையை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு, போதும் வர்ணம், கண்டிப்பா வேண்டாம் என்றாள். சொல்லிவிட்டு, தங்கச்சி அதை ஒழுங்காகக் காதில் வாங்கினாளா என்று விரல் இடுக்கு வழியாகப் பார்த்தாள்.

பஞ்சவர்ணம் விரல் இடுக்கு வழியாகவே லட்டை வைத்தாள்.